அம்புலியைப் பாராத குழந்தை

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்ந்தது. மராத்தியரின் கோட்டைகள் என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் தொகுத்த பன்னிரண்டில் பதினொன்று மஹாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றே. அந்த மகிழ்ச்சியோடு, செஞ்சிக்கு வடக்கே வந்தவாசித் தாலுகாவிலுள்ள சீயமங்கலத்தையும் கண்டு வரலாமென்று சென்றிருந்தோம். முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அங்கே இருக்கிறது. அவனிபாஜன பல்லவேச்வரம் என்று கல்வெட்டு அதற்குப் பெயர் கூறுகிறது. ஆடும் சிவபெருமானைத் தமிழ்நாட்டில் கல்லில் வடித்த மிகப் பழைய உருவங்களுள் ஒன்றை அக்கோயிலின் தூணில் இன்றும் காணலாம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக மழைக்கும் வெயிலுக்கும் தப்பி நிற்கும் அந்தக் கல்லைப் பற்றி எழுதவே நாம் எண்ணியிருந்தோம். கோயில் வாசலில் கண்ட ஒரு காட்சி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

ஓர் இளந்தாய் தன் ஆண் குழந்தையோடு நிழலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு வயது இரண்டரை. நல்ல உடற்கட்டு, நோயின் அறிகுறி எதுவும் இல்லை. ஒரு கொட்டாங்கச்சியைத் தரையில் சுழற்றுவதும், அது ஓய்ந்தவுடன் மறுபடியும் சுழற்றுவதுமாகவே அது இருந்தது. நம்முடன் வந்த நண்பர் குழந்தையை அழைத்தார், திரும்பவில்லை. தாய் பெயரைச் சொல்லி அழைத்தாள், அப்பொழுதும் திரும்பவில்லை. “காது நல்லாத்தான் கேக்குதுங்க ஐயா. சாமி ஊர்வலத்து மேளம் கேட்டா ஓடியாறான். நான் கூப்பிட்டா மட்டும் திரும்பிப் பாக்கமாட்டேங்கறான்” என்றாள். அவளுடைய மாமியார், “இவன் அப்பனும் நாலு வயசுக்கு மேலதான் பேசினான்” என்கிறாராம். அண்டை வீட்டாரோ, செல்போனைக் கையில் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று அவள்மீதே பழி சுமத்துகிறார்களாம்.

அங்கன்வாடிக்கு வந்த வைத்தியக் குழுவினர் குழந்தையைப் பார்த்துவிட்டு, ஜில்லாத் தலைநகருக்குக் கொண்டுபோய்க் காட்டும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை அவள் நான்காக மடித்து, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள். இன்னும் போகவில்லை. புருஷன் வெளியூரில் கூலி வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும். இவையெல்லாவற்றையும் சொல்லிவிட்டு நம்மை ஒரு கேள்வி கேட்டாள்: “ஒரு தடவை போனாப் போதுமாங்களா, திரும்பத் திரும்ப வரச் சொல்வாங்களா?” அக்கேள்விக்கு உண்மையான பதில் எதுவென்று நாம் அறிவோம். அதை அவளிடம் அப்பொழுது சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சிசுவுக்கும் மனம் உண்டா, அதற்கும் நோய் உண்டா என்று நகைப்பவர்கள் நம்மிடையே பலர். உண்டு. பிறந்த நாள் முதல் தாயின் முகத்தைத் தேடுவதும், சிரித்தால் சிரிப்பதும், பயந்தால் மடிக்கு ஓடுவதும், தேற்றினால் தேறுவதும் மனத்தின் தொழில்களே. இவை ஒழுங்காக நடைபெறுவதையே சிசுக்களின் மனநலம் என்று இக்காலத்து வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். பாலும் சுத்தமும் குறைவின்றிக் கிடைத்தும், தாயைப் பிரிந்து விடுதிகளில் கிடந்த சிசுக்கள் வாடிப் போவதை ரெனே ஸ்பிட்ஸ் என்ற வைத்தியர் 1945-இல் எடுத்துக்காட்டினார். ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய அறிக்கைக்குப் பிறகு, இதை மறுத்துப் பேசுவோர் வைத்திய உலகத்தில் அருகிவிட்டனர்.

ஆனால் இந்த விஷயத்தை நம்மவர்கள் மேல்நாட்டாரிடமிருந்து கற்கவேண்டிய நிலையில் இருந்ததில்லை. நமது புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்றொரு பிரபந்த வகையையே வகுத்தார்கள். குழந்தை தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, கேட்டால் முத்தம் தருவது ஒரு பருவம், அழைத்தால் தளர்நடையிட்டு வருவது வாரானை, நிலாவைக் காட்டி விளையாட அழைப்பது அம்புலி. எந்தப் பருவத்துக்கு எத்தனையாவது மாதம் என்பதில் நூல்கள் சற்று வேறுபடலாம். வரிசை மட்டும் ஒன்றே. இவ்வரிசையில் அம்புலிப் பருவம் மிகவும் கவனிக்கத்தக்கது. தாய் விரல் நீட்டுகிறாள். குழந்தை அவ்விரலைப் பாராமல், விரல் காட்டும் நிலாவைப் பார்க்கிறது. பார்த்துவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. இருவர் மனமும் ஒரே பொருளில் படியும் இச்செயலிலிருந்துதான் பேச்சும் பிறரை அறியும் அறிவும் முளைக்கின்றன. ஆட்டிசம் என்ற நிலைமையைக் கண்டறிவதற்காக 16 முதல் 30 மாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் உலகெங்கும் கேட்கப்படும் இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. அதில் முதற் கேள்வி, நீங்கள் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதே. நமது பாட்டிமார்கள் இடுப்பில் குழந்தையோடு முற்றத்தில் நின்று ஒவ்வொரு பௌர்ணமியிலும் நடத்திய பரிசோதனை அது. அந்தப் பரிசோதனையை நடத்த அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தேறாத குழந்தையை என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை.

இன்று தெரியும். ஆயினும் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமம் என்ற மத்திய சர்க்கார் திட்டம் 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைவுகள், வளர்ச்சித் தாமதங்கள் என்ற நான்கு வகைகளில் முப்பது நிலைமைகளுக்காகக் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டுமென்பது அதன் ஏற்பாடு. நடமாடும் வைத்தியக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கும் செல்லவேண்டும். குறை கண்ட குழந்தையை ஜில்லாவிலுள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும். ஏற்பாட்டில் பிழையில்லை. அக்குழுக்களில் உழைக்கும் வைத்தியர்களையும் தாதிகளையும் குறைகூறுவதும் நமது நோக்கமல்ல. ஒரு காலைப் பொழுதில் ஓர் அங்கன்வாடிக் குழந்தைகள் அனைவரையும் எடை பார்த்து, பல் பார்த்து, கண் பார்த்து, சோகை பார்த்து முடிக்கவேண்டியவர்கள், ஒரு குழந்தை தாயோடு எப்படி விளையாடுகிறது என்று கால்மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது எப்படி? மனத்தைத் தராசில் நிறுக்க முடியாது. சீயமங்கலத்துக் குழந்தையின் விஷயத்தில் அவர்கள் சரியாகக் கண்டுபிடித்துச் சீட்டும் கொடுத்தார்கள் என்பதை நாம் பாராட்டவே செய்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முந்திய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட எவ்வளவோ விசாலமானது. பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைகளே உண்டு. ஆட்டிசத்துக்கு அதில் இடமில்லை. புதிய சட்டத்தில் இருபத்தொன்று. ஆட்டிசமும் அவற்றில் ஒன்று. இச்சட்டத்தின் 25-ஆவது பிரிவு, குறைநேரக்கூடிய குழந்தைகளைக் கண்டறிவதற்காக எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டுமென்று சர்க்காரையும் ஸ்தல ஸ்தாபனங்களையும் கட்டளையிடுகிறது. அதே பிரிவின் முதல் உட்பிரிவில், பலர் கவனிக்காமல் கடந்து போகும் ஒரு சொல் இருக்கிறது. குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு இலவச வைத்திய உதவி அளிக்கவேண்டும், அதை ‘அருகாமையில்’, அதிலும் விசேஷமாகக் கிராமப் பகுதிகளில், அளிக்கவேண்டும் என்பது அதன் வாசகம். சட்டசபைகள் சொற்களை வீணாகப் போடுவதில்லை என்பது நியாய ஸ்தலங்கள் அனைத்தும் ஒப்புக்கொண்ட கொள்கை. இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை இழந்து போய்ச் சேரும் இடம் எந்த அகராதியின்படி அருகாமை ஆகும்?

ஒரு முறை போய் வருவதோடு முடிவதாயிருந்தால் இதை நாம் இவ்வளவு வற்புறுத்த மாட்டோம். அம்மை ஊசிக்கு இரண்டு முறை போனால் போதும். ஆட்டிசத்தையோ பேச்சுத் தாமதத்தையோ மருந்தால் மாற்றிவிட முடியாது; மாற்றுவதாகச் சொல்லி ஊசிக்கும் பொடிக்கும் பணம் பறிப்பவர்களை நம்பவேண்டாமென்று பெற்றோர்களை எச்சரிக்கிறோம். இதற்குள்ள உபாயம் பயிற்சி ஒன்றே. குழந்தை எதை நோக்குகிறதோ அதைத் தாயும் நோக்கவும், அது எழுப்பும் ஒலிக்குப் பதிலொலி கொடுக்கவும், கொட்டாங்கச்சி சுழலும்போது தானும் ஒன்றைச் சுழற்றி அதன் உலகத்துக்குள் நுழையவும், பிறகு மெல்ல அதைத் தன் உலகத்துக்கு அழைத்துவரவும் தாய்க்குக் கற்றுத்தர வேண்டும். வாரந்தோறும், மாதக்கணக்காக, பல குழந்தைகளுக்கு வருஷக்கணக்காக இது நடக்கவேண்டும். மூளை வேகமாக வளரும் முதல் வருஷங்களில் இதைத் தொடங்குவதுதான் மிகவும் பயன் தரும். ஆகவே, அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில், திரும்பத் திரும்ப வரத்தான் சொல்வார்கள் என்பதே. அவளால் அது முடியாதென்பதும் நிச்சயம்.

நோயை நிர்ணயிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பேசாத குழந்தைகளெல்லாம் ஆட்டிசக் குழந்தைகள் அல்லர். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். மேளத்துக்கு ஓடிவரும் குழந்தைக்கும் மெல்லிய ஓசைகள் கேளாமலிருக்கலாம். ஆகையால் தாயின் சாட்சியம் எவ்வளவு உண்மையானாலும் கருவியின் சாட்சியமும் வேண்டும். பயந்த குழந்தை, பட்டினியிருந்த குழந்தை, வீட்டில் ஓயாத சண்டையைக் கண்ட குழந்தை, பேச ஆள் இல்லாமல் வளர்ந்த குழந்தை ஆகியவர்களும் மௌனமாக இருப்பதுண்டு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் மனநிலைகளை வகைப்படுத்த அமெரிக்க நிபுணர்கள் 1994-இல் வெளியிட்டு, 2016-இல் விரிவுபடுத்திய ஒரு நூல் இருக்கிறது. குழந்தையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அதை வளர்ப்பவர்களோடு அதற்குள்ள உறவையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டுமென்பது அதன் அடிப்படை. ஒரு நாளில் ஒரு முத்திரையைக் குத்தி அனுப்பிவிடுவது, ஒன்றும் சொல்லாமல் அனுப்புவதைவிடக் கொடியதாக முடியலாம்.

எத்தனை குழந்தைகளின் விஷயம் இது? இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், இரண்டு வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேருக்குமேல் கண், காது, வலிப்பு, பேச்சு, ஆட்டிசம், அறிவு வளர்ச்சி முதலியவற்றில் ஏதாவதொரு குறை காணப்பட்டது. நமது ராஜ்யத்தில் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆயிரம் சிசுக்களில் 13 பேரே முதல் ஆண்டில் இறந்தார்கள். அகில இந்தியாவில் அந்த எண் 28. உயிரைக் காப்பதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பதற்குக் கிராம தாதிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் முக்கிய காரணம். காத்த உயிர்களின் மனத்தைக் கவனிக்கும் பொறுப்பும் அந்த வெற்றியோடு கூடவே வந்துவிட்டது.

இனித் தாயைப் பற்றிப் பேசவேண்டும். இவ்விஷயத்தில் நமது சமூகம் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறது. குழந்தை பேசாவிட்டால் தாயின் குற்றம், அழுதால் தாயின் குற்றம், சாப்பிடாவிட்டால் தாயின் குற்றம் என்பதே ஊர் வழக்கம். இது கிராமவாசிகளின் அறியாமை மட்டுமென்று எண்ணவேண்டாம். லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பாசமற்ற தாய்மார்களே அதற்குக் காரணமென்று மேல்நாட்டுப் பண்டிதர்கள் பலர் சாதித்து வந்தார்கள். தாமே ஆட்டிசக் குழந்தையின் தகப்பனாரான பெர்னார்டு ரிம்லண்டு 1964-இல் ஒரு நூல் எழுதி அதைத் தகர்த்தார். பண்டிதர்கள் கைவிட்ட அந்தக் கொள்கையைத் திண்ணைகளில் இன்னும் சிலர் நடத்தி வருகிறார்கள்.

தாயைப் பழிப்பது தவறு. தாயின் மனத்தை மறப்பதும் தவறு. சீயமங்கலத்துக்கு வெகு தூரமில்லாத வேலூர் ஜில்லாவில், கணியம்பாடி வட்டாரத்தில், கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியார் 359 பெண்களை ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் அப்பெண்களைக் கண்டு பேசினார்கள். பிரசவத்துக்குப்பின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். அதற்கு வழிகோலியவை எவை? குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்கு உதவி இல்லாமை. இந்த ஐந்தில் எதுவாவது நமக்குப் புதியதா? பத்துப் பேரில் ஒருத்தி, சிரிக்கும் சிசுவைப் பார்த்துச் சிரிக்கவும் சக்தியற்றுக் கிடக்கிறாள். சிசுவோ தன் சிரிப்புக்குப் பதில் கிடைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகுகிறது. தடுப்பூசிக்கு அவள் சுகாதார நிலையம் வரும்போது குழந்தையின் எடையைக் கேட்கிறார்கள், பால் சுரக்கிறதா என்று கேட்கிறார்கள். ‘உனக்குத் தூக்கம் வருகிறதா அம்மா, அழுகை வருகிறதா?’ என்று கேட்பவர் அரிது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. மனநோய்க்காக வைத்தியசாலையில் தங்கும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்று 21-ஆவது பிரிவு விதிக்கிறது. குழந்தைக்கு அபாயம் உண்டென்று வைத்தியர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்பொழுதும் கண்காணிப்பின்கீழ் தாய் குழந்தையைப் பார்க்க உரிமை உண்டு. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யவேண்டும். தொடர்ந்து முப்பது நாட்களுக்குமேல் பிரித்து வைக்க மேலதிகார சபையின் சம்மதம் வேண்டும். சட்டப் புத்தகங்களில் இவ்வளவு மனிதத் தன்மையுள்ள பிரிவுகளை நாம் அதிகம் கண்டதில்லை. ஆனால் தாயையும் சிசுவையும் சேர்த்து வைத்துச் சிகிச்சை செய்யத் தனி வார்டு வேண்டுமே! பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தில் 2009-இல் அவ்வாறான பிரிவு ஏற்பட்டது. நமது ஜில்லா வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டிலாவது இதற்கென்று ஒதுக்கினால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர் உண்டாகும்.

நிபுணர்கள் போதாதே, கிராமந்தோறும் மனநல வைத்தியரை எங்கே தேடுவது என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதற்கு நியாயமான பதிலும் இருக்கிறது. பாகிஸ்தானத்தில் ராவல்பிண்டியின் கிராமங்களில், மனச்சோர்வுற்ற தாய்மாருக்கு ஊர்ச் சுகாதார ஊழியப் பெண்களே வீடு சென்று பேச்சு முறையில் சிகிச்சை செய்தனர். 2008-இல் வெளிவந்த முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது அவ்வாறு கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கே சோர்வு நீடித்தது. மற்றவர்களில் 53 பேருக்கு நீடித்தது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு, நிபுணர் அல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீட்டிலேயே கற்றுக்கொடுத்தனர். பெற்றோர் குழந்தைக்கு இசைந்து நடப்பதும், குழந்தை தானாகவே தொடர்புகொள்ள முன்வருவதும் அதனால் அதிகரித்தன என்பது 2016-இல் வெளியாயிற்று. எல்லைக்கு இருபுறமும் ஒரே சிகிச்சை ஒரே பலனைத் தந்தது என்பதை ராஜதந்திரிகளும் கவனிக்கலாம்.

அவ்வளவு தூரமும் போகவேண்டாம். தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் 1981-ஆம் ஆண்டு எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முதுகுத்தண்டில் அடிபட்டு நடமாட்டத்தை இழந்தவர் அவர். அந்தச் சங்கத்தில் பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளின் வீடுகளுக்கே செல்லுகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைக்கருவியில் பதிவு செய்கிறார்கள். தொலைவிலிருக்கும் நிபுணர் அதைப் பார்த்து யோசனை சொல்லுகிறார். நிபுணரின் அறிவு கிராமத்துக்குப் போகிறது. தாய் நகரத்துக்கு அலையவேண்டியதில்லை. ஆய்க்குடியில் நடப்பது சீயமங்கலத்தில் ஏன் நடக்கக்கூடாது? இங்கேயும் பத்தாவது படித்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்குப் பத்துப் பெண்களைத் தேர்ந்து, ஆறு மாதம் பயிற்சி அளித்து, கௌரவமான சம்பளமும் கொடுத்தால் போதும். சம்பளம் என்று அழுத்தியே சொல்லுகிறோம். சேவை என்ற பெயரால் ஏழைப் பெண்களின் உழைப்பை இனாமாக வாங்கும் வழக்கம் போதும்.

எழுதப்படும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நகல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கவேண்டும். முப்பது நாட்களுக்குள் குழந்தை போய்ச் சேரவில்லையென்றால், ஏனென்று கேட்க ஒருவர் வீட்டு வாசலுக்கு வரவேண்டும். போகும் தாய்க்குப் பஸ் செலவும் அன்றைய கூலியும் கொடுப்பது பெரிய தொகை ஆகாது. செஞ்சிக் கோட்டையின் மதிலைச் செப்பனிடும் செலவோடு ஒப்பிட்டால் அது தூசு. கோட்டைக்குச் செலவிடவேண்டாமென்று நாம் சொல்லவில்லை.

திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய இரு ஜில்லாக்களின் கலெக்டர்களிடமும் நாம் மூன்று எண்களைக் கேட்கிறோம். சென்ற ஓராண்டில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வளர்ச்சித் தாமதத்துக்காக எழுதிய சீட்டுகள் எத்தனை? அவற்றில் ஜில்லா மையத்துக்கு வந்துசேர்ந்த குழந்தைகள் எத்தனை? மூன்று மாதங்களுக்குப் பிறகும் பயிற்சியை விடாமல் தொடர்ந்தவர்கள் எத்தனை? இவ்வெண்கள் அலுவலகங்களில் இருந்தால் வெளியிடுவதில் சிரமம் இருக்காது. வந்துசேர்ந்தால் இதே பக்கத்தில் பிரசுரிப்போம். குழு மறுபடியும் சீயமங்கலத்து அங்கன்வாடிக்கு வர ஆறு மாதம் ஆகும். அக்குழந்தைக்கு அப்பொழுது வயது மூன்று.